பம்பருக்குள்ளே என்ன இருக்கிறது?

நேற்று சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் காடியை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் ‘டொக்’. பின் பம்பரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழி. அம்மா இறங்கிப் பார்த்துவிட்டு, "அப்பாவோட பழைய காடின்னா கம்பம்தான்டா வளைஞ்சிருக்கும்" என்றார்.

பட்டறை அங்கிள் சிரித்துக்கொண்டே ஒரு ஜாடி கொதிநீரை ஊற்றி, உள்பக்கமிருந்து கையால் தள்ளினார். குழி ‘டப்’பென்று வெளியே வந்துவிட்டது. வெளியே தெரிவது பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்தானாம், விரிசல் விடாமல் வளைய ரப்பர் வகை ஒன்றையும் கலப்பார்களாம். (பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போச்சே! ஆனால் அது மரத்துப் பால் இல்லை, செயற்கை ரப்பர்.)

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளை நுரைக்கட்டை, அதற்குப் பின்னால் இரும்பு விட்டம். பெரிய இடி என்றால் விட்டத்தைத் தாங்கும் இரண்டு பெட்டிகள் நசுங்கி, வேகத்தை வாங்கிக்கொள்ளும். காடியின் அடிச்சட்டமான சேசிஸ் தப்பிக்கும்.

அமெரிக்காவில் 1970களில் மணிக்கு 8 கிலோமீட்டர் இடியைத் தாங்கவேண்டும் என்று விதி போட்டு, 1982இல் அதை 4 ஆகக் குறைத்துவிட்டார்களாம். நான் இடித்தது நடக்கிற வேகம்தான். விட்டம் நேராகவே இருந்தது, உடைந்தவை மூன்று கிளிப்புகள் மட்டும்.

சாயம் கீறியது அப்படியேதான் இருக்கிறது. அம்மா அதன்மேல் ஒரு வேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்.