எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்

ஜூன் 17
தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பியாச்சு. மண்டபத்தில் கிளினிக் முழுக்கப் பெண்கள் கூட்டம், பாதிப் பேருக்குப் படர்தாமரை. கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்காவுக்கு இடுப்பைச் சுற்றி. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஈரத்துணியோடு நிற்கிற வேலை, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணிகூட அவிழ்க்காமல் வந்திருந்தார். கையில் ஒரு ட்யூப்.

"மெடிக்கல்ல குடுத்தாங்க டாக்டரம்மா. போட்டா அடங்குது, விட்டா கெளம்புது."

அடங்கத்தான் செய்யும். அதில் இருப்பது குளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும், பூஞ்சை பாட்டுக்குப் பரவும். வட்டத்தின் விளிம்பே மங்கிப்போயிருந்தது. இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. சரி, சீட்டில் எழுதித் தருகிறவர்கள் யார்? எங்கள் ஆட்கள்தான்.

ஜூன் 18
அக்காவின் தோலில் சுரண்டிய செதிலில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். பூஞ்சை இழைகள் கிளை கிளையாக மண்டிக் கிடந்தன. காசு பெரிதாக ஆகாத பரிசோதனை. ஏன் யாரும் செய்வதில்லையோ!

ஜூன் 21
கூடப் படித்தவள் போன் செய்தாள். "இருமலுக்கு எக்ஸ்ரே இருக்கு, சுகருக்கு ரத்தம் இருக்கு. தோலுக்கு என் கண்ண மட்டும் நம்பணும்டி, பயமா இருக்கு." நியாயம்தான். எம்பிபிஎஸ்ஸில் தோலுக்கென்று தனித் தாள் கிடையாது, பயிற்சியும் கொஞ்ச நாள்தான். பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அங்கே சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கருத்தோ, ஊதாவாகவோ, சாம்பல் பூத்தோ நிற்கும். ஆனால் பயப்படுகிற டாக்டர் இன்னொருவரைக் கேட்பார். பார்த்த மாத்திரத்தில் 'அலர்ஜி' என்று எழுதுகிறவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

ஜூன் 28
அக்கா வந்து சண்டை போட்டார், "ஒங்க மருந்துல கூடிப்போச்சு." ஸ்டீராய்டை நிறுத்தினால் முதலில் சீறும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். நான் கொடுத்த பூஞ்சை மாத்திரையை நிறுத்த வேண்டாம், வீட்டில் எல்லோரையும் கூட்டி வரவேண்டும். நம்பிப் போனாரா, தெரியவில்லை.

ஜூலை 3
பாம்பனிலிருந்து ஒரு தம்பி, முழங்கையில் வெளுத்த படை. வேறோர் இடத்தில் தேமல் என்று களிம்பு கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டேன். "தொட்ட எடத்தக் காட்டு தம்பி." சுற்றிலும் சரியாகக் காட்டினான், படையின் மேல் தொட்டபோது அசையவே இல்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு போல விரலில் உருண்டது. தொழுநோய். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்கிற ஒழிப்பு இலக்கை 2005-இல் எட்டியதாக அறிவித்ததும் பாதி டாக்டர்களின் நினைவிலிருந்தே இது போய்விட்டது. கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

"வீட்ல தனியா இருக்கணுமா?"

"வேணாம். மருந்த ஆரம்பிச்சா பரவாது."

"அப்ப நாளைக்குக் கடலுக்குப் போகலாமா?"

"மொதல்ல மாத்திர வாங்கு. அப்புறம் போ."