மூன்றிலிருந்து இரண்டுக்கு: எங்கள் பழைய கெப்பில் செய்து பார்த்தவை

மலைநாட்டில் பழைய கெப் வாங்கப் போகிறவர்கள் மீற்றரைப் பார்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்வார்கள். ஓட்டிக்கொண்டே போய், வேகம் குறைகிற நேரத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். கரகரவென்று கடித்தால் விலை அங்கேயே இறங்கிவிடும். டயர், பொடி, பெயின்ட் எல்லாம் அப்புறம்தான்.

எங்களுடையதும் கடிக்கிற ரகம்தான். தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் டீசல் வண்டி. ஐந்து கியர், பக்கத்தில் நான்கு சக்கர இழுவைக்கு இன்னொரு சின்ன லீவர். கந்தப்பளையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும். அங்கே விலை படியாத நாட்களில் லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று கம்பளை வரை இறங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கெப்புகளுக்கு ஏறிய விலையைப் பார்த்தவர்களுக்கு, இருப்பதை விற்று வேறு வாங்கும் யோசனையே வராது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் வரியைக் கேட்டால் அதே கதைதான். சரி, இருக்கிற கியர் பொக்ஸை எவ்வளவு காலம் இழுக்கலாம் என்று பார்த்துவிடுவோம் என்று தொடங்கினேன். பொக்ஸை இறக்கிப் பிரிப்பதில்லை, ஓட்டும் விதத்தை மட்டும் மாற்றுவது என்பது நான் போட்டுக்கொண்ட நிபந்தனை. வண்டியை ஓட்டுவது நானும் மச்சானும். அதனால் அவனையும் மாற்ற வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமான பகுதி.

முதல் வேலை ஒயில். ஓடி வந்த சூட்டோடேயே இறக்கினேன். கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன், பக்கவாட்டில் இருக்கும் நிரப்புகிற போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒயில் முழுவதும் வடிந்த வெறும் பொக்ஸோடு வண்டி அங்கேயே நிற்கும்.

எங்கள் வண்டியில் டிரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறக் களிம்பு அப்பியிருந்தது. விரலில் தேய்த்தால் மாவாகக் கரைந்தது. அது கியர் பற்களின் வழக்கமான தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. விரலைக் குத்தும் துண்டு இருந்தால்தான் கவலை. விஷயம் காந்தத்தில் இல்லை, ஒயிலில் இருந்தது. கொஞ்சத்தை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தேன். கறுப்பு ஒயிலுக்குள் பொன்னிறத் துகள் சுழன்று சுழன்று மின்னியது. பித்தளையைக் காந்தம் பிடிக்காது, அதனால் அது ஒயிலோடேயே திரிகிறது. இந்தப் பொக்ஸுக்குள் பித்தளை என்றால் சிங்க்ரோ ரிங்தான்.

ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டு பாகங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன. பல்லோடு பல் பொருந்துவதற்கு முன், இந்தப் பித்தளை வளையம் கியரின் கூம்பில் உரசி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். மேல் கியருக்குப் போவது அதற்கு லேசான வேலை. கீழ் கியருக்கு வருவதுதான் பாரம். எங்கள் வண்டியில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 சுற்று. அதே வேகத்தில் இரண்டுக்கு வந்தால் 2,000ஐத் தாண்டும். கிளச் மிதித்திருக்கும்போது என்ஜின் விலகி நிற்கிறது, சரி. ஆனால் கிளச் பிளேட்டையும், அதிலிருந்து பொக்ஸுக்குள் போகும் உள் தண்டையும், அதோடு சேர்ந்து சுற்றும் கியர்களையும் அந்த வேகத்துக்கு இழுத்து ஏற்றுவது அந்த ஒற்றை வளையம். றம்பொடைப் பக்கம் முடக்குக்கு முடக்கு இதையே செய்தால் முதலில் போவது இரண்டாம் கியரின் வளையம் என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒயில் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கியர் ஒயில் என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் எடுத்துத் தருவது பின் அச்சில் இருக்கும் டிப்ரன்ஷலுக்குப் போடும் ஜீஎல்-5 தரம். அதில் பாரம் தாங்குவதற்காகச் சேர்க்கும் கந்தக, பொஸ்பரஸ் கலவை சில வகைகளில் பித்தளையை அரிக்கும். வழுக்கல் அதிகமானால் வளையம் உரசிப் பிடிக்கவும் முடியாது. சில பொக்ஸ்களுக்கு ஜீஎல்-4, ஜீஎல்-5 இரண்டும் சரி, சிலவற்றுக்கு ஜீஎல்-4 மட்டும்தான். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அடுத்தது நியூட்ரல். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தொற்றிய பழக்கம் இது. இறக்கம் வந்தால் நியூட்ரல். சிலர் என்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டினார்கள். அப்படிச் செய்தால் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்ப்பும் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். மச்சான் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால், “டீசல் மிச்சம் மச்சான்” என்பதை விடவும் இல்லை.

அவனோடு தர்க்கம் பண்ணிப் பார்த்ததில் இரண்டு கணக்குகள்தான் எடுபட்டன. ஒன்று டீசல் கணக்கு. எங்களுடைய பழைய இயந்திரப் பம்பில்கூட, கியரில் இருக்க, எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐட்லிங் ஓடுவதற்கு டீசல் செலவு. இரண்டாவது சூட்டுக் கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளைக்கு இறங்குவது 1,300 மீற்றருக்கு மேல். மூட்டையோடு 2,500 கிலோ என்று வைத்தால் சுமார் 32 மெகாஜூல் சக்தி எங்கேயாவது போய்த் தீர வேண்டும். ஒரு லீற்றர் டீசலை முழுவதும் எரித்தால் வருகிற வெப்பத்தைவிட அது கொஞ்சம்தான் குறைவு. கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரல் என்றால், காற்று தடுப்பது போக மிச்சமெல்லாம் பிரேக்குக்கு. டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசானால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் ஏழு பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, இறக்கத்தையும் பிரேக்கையும் பற்றி இங்கே யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

கியர் பொக்ஸுக்கும் நியூட்ரலுக்கும் என்ன தொடர்பு என்றால், உருண்டு வேகம் பிடித்த பிறகு முடக்குக்கு முன்னால் அவசரமாகக் கியரைப் போட வேண்டி வருகிறது. ஐட்லிங்கில் சோம்பிச் சுற்றும் உள் தண்டை ஒரே இழுப்பில் ஏற்றுவது அந்தப் பித்தளை வளையத்தின் தலையில்தான் விழுகிறது.

இனி நான் அதிகம் மினக்கெட்டது: இரட்டைக் கிளச். தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு மாமா இருக்கிறார், சிங்க்ரோவே இல்லாத பழைய லொறிகளில் பழகியவர். பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். முதல் முடக்கிலேயே சொல்லிவிட்டார்: “தம்பி, கிளச்ச ரெண்டு தரம் மிதிங்க. நடுவுல ஒரு ரேஸ் குடுங்க. கியர் தானா விழும், நீங்க தள்ள வேணாம்.”

செய்முறை இதுதான். பிரேக்கில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கிளச் மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட வேண்டும். அப்போது என்ஜினும் உள் தண்டும் ஒன்றாகிவிடும். எக்ஸலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் தண்டும் சேர்ந்து வேகம் ஏறும். உடனே மறுபடி கிளச், இரண்டாம் கியர். வளையத்துக்கு வேலையே இல்லை. எழுத இவ்வளவு நீளமாக இருந்தாலும் பழகிய காலுக்கு ஒரு மூச்சுக்குள் முடிகிற காரியம். பழகாத காலுக்கு முடக்கு முந்திக்கொள்ளும். அதனால் ஆரம்பத்தில் லபுக்கலைத் தேயிலைக்கு நடுவே, வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே மாற்றிப் பழகினேன். ரேஸ் போதாவிட்டால் லீவர் கையில் முரண்டு பிடிக்கும், சரியாக இருந்தால் வழுக்கி விழும். எவ்வளவு தட்ட வேண்டும் என்பதைக் காதைவிடக் கைதான் வேகமாகக் கற்றுக்கொண்டது.

மாமா கண்டுபிடித்த இன்னொன்று, மச்சானின் இடது கை. கியர் மாற்றிய பிறகும் லீவர் மேலேயே கிடக்கும். “அது என்ன கைத்தடியா?” என்றார். லீவரின் மறுமுனையில் இருக்கும் கவை போன்ற போர்க், கியரைப் பூட்டும் சுற்றுகிற வளையமான சிலீவின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கை அழுத்தினால் இரண்டும் ஓயாமல் உரசும். கிளச் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதும் அதே குடும்பம்தான், கிளச்சை விலக்கும் ரிலீஸ் பெயாரிங் அதில் போகும். மேட்டில் வரிசையில் நிற்கும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் அரைக் கிளச்சில் வண்டியைத் தாங்கினால் என்ன ஆகும் என்பது மூக்குக்கே தெரியும்.

நான்கு சக்கர இழுவையைத் தோட்டத்துச் சேற்றுப் பாதை முடிந்ததும் எடுத்துவிடுகிறோம். முடக்கில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தாரில் அது முழுவதும் தண்டுகளுக்குள் முறுக்காக ஏறும். லீவர் வரமாட்டேன் என்று நின்றால் நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு விடும். இழுத்துச் சண்டை போடத் தேவையில்லை.

ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிகிற காலைகளில் நன்றாக இருக்கும் பொக்ஸும் இரண்டாம் கியருக்கு முரண்டும். ஒயில் தடித்திருப்பதுதான் காரணம். முதல் கொஞ்ச தூரத்துக்கு மெதுவாக மாற்றினால் போதும். அந்தக் குளிரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பொக்ஸ் போய்விட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். வாங்கப் போகிறவர் விலை பேசுவதற்கு மட்டும் அது நல்ல நேரம்.

ஓட்டோ கியர் கெப் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வாசித்துவிட்டுச் சிரிக்கலாம். அவர்களும் இறக்கத்தில் ‘டி’யிலேயே விடாமல் 2, எல் என்று கீழ் கியருக்கு இறக்கத்தான் வேண்டும். நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு ‘பி’. இல்லாவிட்டால் சரிவில் முழு வண்டியும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும்.

ஒரு மரக்கறிப் போகம் முடிந்து அடுத்ததும் பாதி போன பிறகு மறுபடி ஒயிலை இறக்கினேன். காந்தத்தில் களிம்பு மெல்லிய படலமாகத்தான் இருந்தது. தட்டில் பொன்னிறம் இன்னும் உண்டு, ஆனால் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் முறை இறக்கியது எத்தனை வருடத்து ஒயில் என்று தெரியாது என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது, அது நியாயம். கடி போகவில்லை. தேய்ந்த வளையம் திரும்ப வளராது. சாதாரணமாக இழுத்தால் இன்றைக்கும் கரகரக்கும், இரட்டைக் கிளச்சில் சத்தமே இல்லை. முக்கியமாக, கடி கூடவில்லை. றம்பொடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது முன் சக்கரத்திலிருந்து வரும் எரிந்த வாடையும் இப்போது இல்லை. மச்சான் நியூட்ரலை விட்டுவிட்டான். கையை இன்னும் விடவில்லை.

கராஜ் பாஸ் இரண்டாம் கியர் ரிங்கை மட்டும் மாற்றலாம் என்கிறார். பொக்ஸை இறக்கும் கூலி ரிங்கின் விலையைவிடப் பெரிது. அதனால் கிளச் பிளேட் மாற்றும் நாள் வரும்போது இரண்டையும் ஒன்றாகச் செய்வதாக இருக்கிறோம். அதற்கு முன், இழுவையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் ஒயிலைப் பார்க்க வேண்டும். அதன் நிரப்புகிற போல்ட் அசையவே இல்லை. துரு இளக்கும் ஒயிலை அடித்து ஊற விட்டிருக்கிறேன்.