பூஜ்ஜியம்தானே என்று பஸ் ஏறிவிட்டோம்

மார்பக எக்ஸ்ரே, அதாவது மேமோகிராம் எடுத்த ரிப்போர்ட்டின் கடைசியில், முடிவைச் சொல்லும் எண்ணாக 'பைராட்ஸ் 0' என்று இருந்தது. பூஜ்ஜியம்தானே, ஒன்றுமில்லை என்று நானும் வீட்டுக்காரரும் முடிவுகட்டி, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து பாலக்காட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு, கோவை உக்கடத்தில் கொழிஞ்சாம்பாறை பஸ் ஏறிவிட்டோம். வேலந்தாவளம் வருவதற்குள் போன். "பேடிக்கண்டா, ஒண்ணுகூடி நோக்கணும்" என்றார், பயப்படாதே, இன்னொரு தடவை பார்க்கணும் என்று மலையாளத்தில். 0 என்றால் இந்தப் படத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தமாம். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மாதவிலக்கு நின்றபின் உடம்பு பற்றி எரிந்து, ராத்திரியில் வேர்த்து நனைந்து எழுந்துகொண்டிருந்தவள் நான். இரண்டு வருஷமாக ஹார்மோன் மாத்திரை. கர்ப்பப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்ந்தது. ஸ்கேன் சென்டரில் கொடுத்த படிவத்தில் சர்க்கரை, பிரஷர், குழந்தைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். இந்த மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

மறுபடி போகும்போது டாக்டரம்மா சொன்னபடி, மாத்திரை ஆரம்பிக்கும் முன் எடுத்த பழைய படத்தையும் கொண்டுபோனேன். பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. ரேடியாலஜி டாக்டர் இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் பெரும்பாலும் கறுப்பு, அங்கங்கே வெள்ளை நூல். புதியதில் பாதிக்கு மேல் வெள்ளை. கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளை வேட்டியில் தேங்காய்த் துருவலைத் தேடுகிற கதை. "ஹார்மோன் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்த மாத்திரையால் இந்த வெள்ளை கூடுமாம்.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் இந்த இரட்டை ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், ஒரே வருஷத்தில் 100க்கு 9.4 பேருக்கு மேமோகிராம் சந்தேகமாக வந்திருக்கிறது; ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 5.4. 2003இல் வெளியான கணக்கு. அதைவிட என்னை உறுத்தியது 2004இல் வந்த பிரிட்டன் ஆய்வு. புற்றுநோய் இருந்த பெண்களில், ஹார்மோனே எடுக்காதவர்களுக்கு 100க்கு 92 பேரிடம் படம் அதைக் கண்டுபிடித்தது. எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 83 பேரிடம்தான். வீணாகத் திரும்பக் கூப்பிடுவதாவது அலைச்சலோடு போகும். இருப்பதைத் தவறவிட்டால்?

எனக்கு அல்ட்ராசவுண்டில் தெரிந்தது சின்ன நீர்க்கட்டி. ஊசி குத்தவில்லை, பயாப்ஸியும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த தடவை ஒரு மாசம் முன்னாலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா சிரித்தார். ஓரிரு மாசம் நிறுத்தவைத்தும் பார்த்திருக்கிறார்களாம்; திரும்பக் கூப்பிடுவது குறையவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக என்று படிவத்தின் ஓரத்திலாவது எழுதிக்கொடுங்கள், பழைய படத்தைக் கையில் வைத்திருங்கள் என்றார்.

அடுத்த வாரம் நாத்தனாருக்கு மேமோகிராம். கர்ப்பப்பை எடுத்ததால் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான். அதில் இந்த வெள்ளை இவ்வளவு கூடுவதில்லை. இருந்தாலும் பழைய படம் எங்கே என்று கேட்டேன். பரணில் இருக்கும் என்கிறார். ஏணி எங்கள் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.