தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து சில படிப்புக் குறிப்புகள்

ஜூன் 3, 2024, திங்கள்

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் நூலகம் கிடையாது. பக்கத்து மருத்துவக் கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பேராசிரியர் இல்லை, ஃபோன்தான் இருக்கிறது. அதில் என்ன வருகிறது, எது முதலில் வருகிறது என்பதை ஒழுங்குபடுத்துவதையும் வேலையின் ஒரு பகுதியாகத்தான் நினைக்கிறேன்.

இன்று இரவு டியூட்டியில் கூட்டம் குறைவு. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் எதையாவது தேடினால், தேடுபெட்டிக்குக் கீழேயே ஃபீட் (புதியவற்றைத் தானாகக் கொண்டுவரும் பட்டியல்) உருவாக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பல டாக்டர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அதை அழுத்திக் கிடைக்கும் இணைப்பை ஃபீட்லி மாதிரி ஒரு செயலியில் போட்டுவிட்டால், அந்தத் தேடலில் புதிய கட்டுரை சேரும்போதெல்லாம் நமக்கு வந்துவிடும். பாம்புக்கடி, தேள்கடி, பூச்சிமருந்து விஷம், அரளி விஷம், குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்பு என எங்கள் வாசலுக்கு வருகிறவற்றுக்கு மட்டும் தேடல் அமைத்தேன். இதய வால்வைக் கதீட்டர் வழியாக மாற்றுவது பற்றி எவ்வளவு அருமையான ஆய்வு வந்தாலும் இங்கே அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் (பழைய ட்விட்டர்) நிறைய பேர் எதைத் தட்டினார்களோ அது மேலே வரும். இதில் நான் கேட்டது மட்டும் வருகிறது, அதுவும் தேதி வரிசையில். நோயாளி கிளப்பிய கேள்விக்குத்தான் நான் படிக்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் கடலைக் கொல்லையில் களையெடுத்த அம்மா ஒருவர். கால் வீங்கியிருந்தது. கடித்த பாம்பை யாரும் பார்க்கவில்லை. விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கிறதா என்று பார்க்க, இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

“டாக்டர், கண்ணாடி டியூப் தீர்ந்துபோச்சு. பிளாஸ்டிக்லயே எடுத்துடட்டுமா?”

“வேண்டாம் சிஸ்டர். லேப்ல கேட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சோப்பு போட்டுக் கழுவினதும் வேண்டாம்.”

கண்ணாடிச் சுவரில் படும்போதுதான் ரத்தத்துக்கு உறையத் தூண்டுதல் கிடைக்கிறது. பிளாஸ்டிக்கிலோ, டிடர்ஜென்ட் போட்டுக் கழுவிய கண்ணாடியிலோ நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கலாம். அதை நம்பினால் தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும், அதன் ஒவ்வாமையும் சேர்ந்து வரும். இதை நான் கல்லூரியில் படித்ததாக நினைவில்லை. போன வருடம் விஷமுறிவு நிபுணர் ஒருவர் எக்ஸில் எழுதிய தொடர்பதிவில் பார்த்தேன். அதன் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் 2016-ல் தென்கிழக்கு ஆசியாவுக்காக வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியின் இணைப்பு இருந்தது, இலவசம். மூலத்துக்கு இணைப்பு இல்லாத பதிவை, யார் எழுதியிருந்தாலும், நான் சேமித்து வைப்பதில்லை.

டியூபை இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்தோம். தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து பத்து குப்பி ஏற்றத் தொடங்கினோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது உறைந்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

இந்த வாரம் அரளி விஷத்தோடு ஒரு பெண் வந்தாள். இதயத்துடிப்பு குறைந்திருந்தது. முதலுதவி கொடுத்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம், தேறி வருகிறாள். அன்று ஈசிஜியைப் பார்க்கும்போது, டிஜாக்சின் என்ற இதய மருந்து அளவு மீறி விஷமானால் என்னென்ன மாறும் என்பதை ‘லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்’ தளத்தின் இலவச ஈசிஜி தொகுப்பில் சரிபார்த்துக்கொண்டேன். அரளியும் இதயத்தில் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. அந்தத் தளத்தை நடத்தும் ஆஸ்திரேலிய அவசர சிகிச்சை மருத்துவர் மைக் கடோகன்தான், மருத்துவக் கல்வி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு 2012-ல் பெயர் வைத்தவர். எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அதனால் கிடைத்த பலன் பெரியது.

அப்புறம் டாக்டர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது: ‘அரளி விஷத்துக்குக் கரிப்பொடியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மரணம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.’ கரிப்பொடி என்பது வயிற்றில் இருக்கும் விஷத்தை ஈர்த்துப் பிடிக்கக் கொடுக்கும் மருத்துவக் கரி. கீழே பிரபல மருத்துவ இதழான லான்செட்டின் பெயரும் 2003 என்ற ஆண்டும் மட்டும் இருந்தன.

அந்த ஆய்வு உண்மையானதுதான். இலங்கையில் 401 பேரிடம் நடந்தது. திரும்பத் திரும்பக் கரி கொடுத்தவர்களில் இறப்பு 2.5 சதவீதம், மற்றவர்களில் 8 சதவீதம். ஆனால் பப்மெட்டில் அந்தக் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலுக்குப் போனால் 2008-ல் லான்செட்டிலேயே வந்த இன்னோர் ஆய்வு கண்ணில் படும். அதுவும் இலங்கைதான். அரளியும் பூச்சிமருந்துமாக விஷம் சாப்பிட்டு வந்த 4,632 பேர். திரும்பத் திரும்பக் கரி கொடுத்தவர்களில் இறப்பு 6.3 சதவீதம், கரியே கொடுக்காதவர்களில் 6.8. பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் 2003 ஆய்வு தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. அதில் எல்லோருக்கும் முதலில் ஒரு டோஸ் கரி கொடுத்துவிட்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என மூன்று நாள் தொடர்ந்தார்கள். 2008-ல் நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக ஆறு டோஸோடு முடிந்தது. கேட்ட கேள்வியே கொஞ்சம் வேறு. செய்முறைப் பகுதியைப் படித்தால்தான் இது தெரியும், அந்த ஒற்றைப் படத்தில் இதற்கு இடமே இல்லை. இரண்டு கட்டுரைகளின் இணைப்பையும் போட்டு, இந்த வித்தியாசத்தை நாலு வரியில் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். குழுவில் யாரும் பதில் போடவில்லை, பரவாயில்லை.

ஜூன் 27, வியாழன்

ஓபியில் காய்ச்சல் கூட்டம். ஃபீடில் படிக்காதவை நிறைய சேர்ந்துவிட்டன. தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்து, இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் படித்ததாகக் குறித்துவிட்டேன். முக்கியமானதாக இருந்தால் அது வேறொருவர் மேற்கோளாக மறுபடி வரும்.

ஜூலை 9, செவ்வாய்

முதுநிலை நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவன் எங்களிடம் பணியில் சேர்ந்திருக்கிறான். “லான்செட்ல வந்தா நம்பலாம்தானே, மேடம்?” என்றான்.

2020-ஐ அவனுக்குச் சொன்னேன். கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று 96,032 நோயாளிகளின் தரவோடு மே 22-ல் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்திரேலியாவில் அந்தத் தேதிவரை அரசு கணக்கில் இருந்த கொரோனா மரணங்களைவிடக் கட்டுரையில் அதிகம் இருப்பதை வெளியே இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆய்வாளர்கள் ட்விட்டரில் எண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள், திறந்த கடிதம் எழுதினார்கள். ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெரிய இதழில் வந்ததையும் கேள்வி கேட்கலாம், ஆனால் தரவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். சமூக ஊடகத்தின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருப்பதற்கு அந்த இரண்டு வாரமே காரணம்.

பேச்சு முடியும்போது, வார்டில் எடுத்த புண் படம் ஒன்றைக் குழுவில் போடட்டுமா என்று கேட்டான். முகம் தெரியவில்லையாம். நோயாளியிடம் கேட்டானா என்றேன். இல்லை. அப்படியானால் போடக்கூடாது. சின்ன ஊரில் கையில் இருக்கும் பச்சையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

சிஸ்டர்களும் தம்பியுமாக மாதம் ஒருநாள் மதியம் அரை மணி நேரம் உட்காருவது என்று முடிவாகியிருக்கிறது. ஒருவர் ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்ல வேண்டும், அதில் நம் வார்டில் எதை மாற்றலாம் என்றும் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் டியூப் விஷயத்தை மூத்த சிஸ்டரே சொன்னார். இப்போது அவசரப் பிரிவு அலமாரியில் புதிய கண்ணாடி டியூபுகள் தனி டப்பாவில் இருக்கின்றன, தீர்வதற்குள் கேட்டு வாங்கும் பொறுப்பு அவருடையது.

கடைசியில் அவரே ஒரு கேள்வி கேட்டார். “நல்லபாம்புக்கு நியோஸ்டிக்மின் போட்டா இமை தூக்குறாங்க. கட்டுவிரியனுக்கு ஏன் டாக்டர் அப்படி ஆக மாட்டேங்குது?” கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே கெடுத்துவிடுகிறது, அதனால் தசைகளை மறுபடி இயங்க வைக்கும் அந்த ஊசி அவ்வளவாக எடுபடாது என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் கேட்டதற்கெல்லாம் படித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். கட்டுவிரியனின் அறிவியல் பெயரையும் நியோஸ்டிக்மினையும் சேர்த்துப் பப்மெட்டில் ஒரு தேடல் போட்டு, ஃபீடை அவருடைய ஃபோனிலும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர்தான் பேசுகிறார்.