ஓம் பக்கம் அசையாத முள்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ரொறன்ரோக் கிளைச் செயலாளர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். நான் மைதானத்தில் ஓடியதுமில்லை, மேடையில் ஏறியதுமில்லை. என்னிடம் இருப்பது எங்கள் பௌதிக சேரின் மல்ரிமீற்றர் ஞாபகம் ஒன்றுதான்.

1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று மூன்று வருடம். ஆய்வுகூட அலுமாரியில் அம்பியர்மானி, வோல்ற்றுமானி, தடையைக் கூட்டிக் குறைக்கிற இறையோதற்று எல்லாம் துடைத்து அடுக்கியிருக்கும். அவற்றுக்குள் ஓடத்தான் ஒன்றுமில்லை. பற்றறியும் தடை செய்யப்பட்ட சாமான். சேரிடம் சொந்தமாக ஒரு பழைய முள் மீற்றர் இருந்தது. அதில் வோல்ற்றும் அம்பியரும் பார்க்கப் பற்றறி வேண்டாம். அளக்கிற மின்னே முள்ளைத் தள்ளும். தடையை அளக்க மட்டும் மீற்றர் தன் வயிற்றுப் பற்றறியிலிருந்து மின்னை அனுப்ப வேண்டும். அந்த வயிறு காலி. ஓம் பக்கம் திருப்பினால் முள் அசையாது.

"அது காட்டாட்டி என்ன, உங்களுக்கு வகுக்கத் தெரியும்தானே" என்பார் சேர்.

தன் சைக்கிளையே வகுப்புக்குள் உருட்டி வந்து ஸ்ராண்டில் நிறுத்துவார். பின் சில்லில் டைனமோ. அது தருவது ஆடலோட்டம் (ஏ.சி.) என்பதால் நாலு இருவாயிகளும் (டயோட்) ஒரு கொண்டென்சரும் பூட்டி நேரோட்டம் (டி.சி.) ஆக்கியிருந்தார். அதன் பிறகு 6 வோல்ற்று, 2.4 வாற்று முன்லைற் பல்ப். பிந்தி வருகிறவன் மிதிக்க வேண்டும் என்பது சட்டம். அநேகமாக நான்தான் மிதித்தேன்.

மெதுவாக மிதித்தபோது 1.5 வோல்ற்று, 0.2 அம்பியர். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் வருவது தடை, 7.5 ஓம். இறுக்கி மிதித்தபோது 6 வோல்ற்று, 0.4 அம்பியர். வகுத்தால் 15 ஓம். ஒரே பல்புக்கு எப்படி இரண்டு தடை வரும்? நான் சீராக மிதிக்கவில்லை என்று பெடியள் என்னில் பிழை பிடித்தார்கள். சேர் சிரித்தார். 1827இல் ஜோர்ஜ் ஓம் என்ற ஜேர்மன்காரர் தன் விதியை எழுதியதையும், அவரும் கொலோன் நகரில் படிப்பித்த ஒரு பள்ளிக்கூட மாஸ்ரர்தான் என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அப்புறம் பல்பைக் காட்டினார். வெப்பநிலை மாறாதவரைக்கும்தான் வோல்ற்றும் அம்பியரும் ஒரே விகிதத்தில் போகும். தங்குதன் இழை சிவந்து வெள்ளையாகும்போது தடையும் கூட ஏறும்.

பிறகு வலுவைப் பார்க்க வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கச் சொன்னார். 1.5ஐ 0.2ஆல் பெருக்க 0.3 வாற்று. 6ஐ 0.4ஆல் பெருக்க 2.4 வாற்று. "வோல்ற்று நாலு மடங்கு ஏற வலு எட்டு மடங்கு ஏறியிருக்கு. தடை மாறாமல் இருந்திருந்தால் எத்தனை மடங்கு?" அம்பியரும் நாலு மடங்கு ஏறும், அப்ப பதினாறு என்று சொன்னவன் இப்போது மெல்பேணில் கணக்காளன். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த அறிவை வீட்டில் பரீட்சித்ததுதான் வினை. பின்னேரங்களில் பிபிசி தமிழோசை கேட்க எங்கள் முற்றத்தில் அயல் முழுக்கக் கூடும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றுவோம். சித்தப்பாவின் றேடியோவும் ஒரு பல்பும் சமாந்தரமாக ஓடும். நான் கணக்குப் பார்த்தேன்: றேடியோவுக்கு 0.05 அம்பியர், அதாவது 0.3 வாற்று. பல்ப் தின்பதோ அதைப்போல எட்டு மடங்கு. செய்தி கேட்க வெளிச்சம் எதற்கு? பல்பைக் கழற்றினேன்.

பெடல் இலேசாகிவிட்டது. அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். றேடியோ ஒரு கத்துக் கத்தியது, பிறகு கருகல் மணம். சித்தப்பா என்னை அடிக்கவில்லை. அது அடியை விடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் சேர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். 15 ஓம் பல்பும் 120 ஓம் றேடியோவும் சமாந்தரமாக இருக்க மொத்தம் 13 ஓம் சொச்சம். பல்ப் போனால் மிஞ்சுவது 120 ஓம், ஒன்பது மடங்கு. சைக்கிள் டைனமோ ஓட்டத்தைக் குறைக்க இலேசில் சம்மதியாது. சுமை குறைந்தால் வோல்ற்று 6ஐத் தாண்டி எகிறும். முன்லைற் எரிந்துபோன சைக்கிளில் பின்லைற்றும் உடனே போவது இதனால்தான். "நீ கழற்றினது பல்பை இல்லை, றேடியோவுக்கு இருந்த காவலை" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது இந்தக் கணக்குகள் எழுதியிருந்த என் கொப்பியும் வீட்டோடு போனது.

போன வருடம் மாமி ஊரிலிருந்து ஸ்காபரோவுக்கு வந்தபோது தன் கேத்திலையும் கொண்டு வந்தா. 230 வோல்ற்று, 2000 வாற்று. பிளக்கை மாற்றிப் பூட்டியும் தண்ணீர் கொதிக்கிற வழியாக இல்லை. "கனடாக் கரண்டுக்கு உசார் காணாது தம்பி" என்றா. கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்: 230இன் வர்க்கத்தை 2000ஆல் வகுக்க 26.5 ஓம். இங்கே 120 வோல்ற்று. அதன் வர்க்கத்தை 26.5ஆல் வகுக்க 540 வாற்று சொச்சம். கால்வாசிதான், நாலு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

பிறகு பிளக்கைக் கழற்றி, லாச்சியிலிருந்து என் மீற்றரை எடுத்து, ஓம் பக்கம் திருப்பி வைத்தேன். 26.1 காட்டியது. கேத்தில் கம்பி நிக்குரோம், பல்ப் இழைபோலச் சூட்டில் பெரிதாக மாறாது.

"கணக்குப் பார்த்தாச்சுதானே, பிறகேன் தம்பி அளக்கிறீங்கள்?" என்று மாமி கேட்டா.