படி இல்லாத குளம்

பொறையாறு பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுத் தோட்டத்தில் நீச்சல்குளம் வேண்டும் என்று முதன்முதலாகக் கேட்டவரிடம், "வாய்க்கால் இருக்கும்போது இது எதுக்குங்க ஐயா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பிரான்சில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். காரைக்காலைச் சுற்றி அப்படிக் குடும்பங்கள் நிறைய. அவர் சிரித்தார். "வாய்க்கால்ல தண்ணி எத்தனை மாசம் தம்பி ஓடுது?" மேட்டூரை ஜூன் 12-லேயே திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் கதை எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு டேப்பை எடுத்தேன்.

எட்டு மீட்டர் நீளம், நான்கு அகலம், ஒன்றரை ஆழம். 48,000 லிட்டர். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதைத் தடுக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அந்தச் சட்டம் எண்ணெய் எடுப்பது, தோல் பதனிடுவது, செம்பு உருக்குவது போன்றவற்றைப் பற்றியது. நீச்சலடிப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் முன்பணம் கைக்கு வந்தது.

பிளான் அப்ரூவலுக்குப் போனபோது கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மனைக்கும் குழிக்கும் எவ்வளவு இடைவெளி, குளத்தைக் கழுவிவிடும் தண்ணீர் எங்கே போகும், மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டார்கள். 2003-லிருந்து மழைநீர்த் தொட்டி இல்லாத வரைபடம் நகராது. எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக் காட்டினேன். ஒரு குழந்தை பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு தண்ணீர் வரை நடந்தால் நடுவில் என்ன இருக்கிறது என்று நான் நிரப்பிய எந்தத் தாளும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

என் கவலை வேறாக இருந்தது. எங்கள் பக்கம் ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் ஊற்று தரைமட்டத்துக்கு வந்துவிடும். குளத்தின் அடித்தளமும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம். கான்கிரீட் மொத்தம் சுமார் 37 டன். சுற்றிலும் நீர் ஏறி நின்றால் அது கீழிருந்து தள்ளும் விசை 62 டன்னைத் தாண்டும். உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் குளம் தோணி மாதிரி மேலே கிளம்பிவிடும். இது கேலிப் பேச்சு இல்லை, கணக்கு. அதனால் சுவர் வார்த்து முடிந்த வாரம் மழை பிடித்தபோது மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்: உள்ளே சேருகிற தண்ணீரை இறைக்கக் கூடாது.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி உள்ளே விழுந்தது.

ராத்திரி எப்போது விழுந்ததோ, விடிகாலையில் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை போய்க்கொண்டிருந்தது. நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், குளம்பு பிடிக்க ஒரு இடமில்லை. கயிறு கட்டித் தூக்கினோம். பிழைத்துக்கொண்டது. கோயில் குளத்தில் விழுந்திருந்தால் படியேறித் தானே வீட்டுக்குப் போயிருக்கும்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த இரண்டு வயதுப் பையனுக்காக நாலைந்து நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவன்தான் நான். கிணறு தோண்டும்போது சுற்றி முள்கம்பி வேலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்ததும் தெரியும். போர் போட்ட இடம் எதையும் நான் வேலி இல்லாமல் விட்டதில்லை. அகலமான குழி என்றால் கண்ணுக்குத் தெரியும்தானே என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். அன்று மத்தியானமே சவுக்குக் கம்பு நட்டு முள்கம்பி இழுத்தோம்.

வீட்டுக்காரர் கோபப்படவில்லை. பிரான்சில் 2004-லிருந்து கட்டுகிற குளங்களுக்கு வேலி, மூடி, அலாரம், கூரை என்ற நான்கில் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்றார். வேலி என்றால் குறைந்தது 1.10 மீட்டர் உயரம். இல்லாவிட்டால் அபராதம் 45,000 யூரோ வரை போகுமாம்.

"காம்பவுண்டு ஏழடி நிக்குதே ஐயா," என்றேன்.

"அது திருடனுக்கு, தம்பி. என் பேரன் வீட்டுக்குள்ளேருந்துல்ல வருவான்?"

முப்பது வருடத் தொழிலில் வேலி என்றால் வெளியாளை நிறுத்துவது என்றே பழகிவிட்ட எனக்கு இது புதிது. சிட்னியில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அங்கே உயரம் 1.2 மீட்டர், கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, தாழ்ப்பாள் ஒன்றரை மீட்டர் உயரத்தில், கேட் தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து தானே சாத்திக்கொள்ள வேண்டும். வேலியை ஒட்டி ஏறுவதற்குத் தோதாக எதுவும் இருக்கக் கூடாது. சரி, இரண்டு நாட்டு விதிகளில் எது கடுமையோ அதையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

கிரில் பட்டறையில்தான் பெரிய போராட்டம். நடுவில் தாமரை, மேலும் கீழும் குறுக்குப் பட்டை வைத்து அழகாக ஒரு டிசைன் போட்டு வந்தார். தாமரை இதழில் கால் வைத்தால் மூன்று வயதுப் பிள்ளை இரண்டே எட்டில் அந்தப் பக்கம் போய்விடும். நெட்டுக்குத்துக் கம்பி மட்டும் போதும் என்றேன். "ஜெயில் மாதிரி இருக்கும் சார்," என்று முகம் சுளித்தார். அப்புறம் கேட்டின் ஸ்பிரிங். முதலில் போட்டது உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் துருவேறிப் பாதியிலேயே நின்றுவிட்டது. தானாகச் சாத்தும் என்று நம்பி விட்டுப்போகிற கேட் திறந்தே நிற்பதற்கு, கேட்டே இல்லாமலிருப்பது மேல். 316 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினோம். செலவு கூடுதல்தான், ஆனால் தாங்குகிறது.

தண்ணீர் நிரப்பும் முன் வீட்டுக்காரரின் அம்மா குச்சி ஊன்றி வந்து பார்த்தார். பேரப்பிள்ளைகள் 'அப்பாயி' என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் அப்பாயிதான். ஒரு மூலையில் தொங்கிய ஸ்டீல் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கொளம்னா படி எங்கடா?" என்றார். கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. அகலப் பக்கம் முழுக்க நான்கு படி கட்டிக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால் போய் கேட்டைத் தள்ளிப் பார்க்கிறேன். போன முறை வேலியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. கொடியில் துணி போட யாரோ இழுத்து வந்திருக்கிறார்கள். அதைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தேன். கிளம்பும்போது பார்த்தால் நாற்காலி பழையபடி வேலியோரம் இருந்தது. அதில் அப்பாயி உட்கார்ந்திருந்தார்.