ரீலோடு செய்ததும் காணாமல் போன ஏரியா 2

கடலூரிலிருந்து வார இறுதிகளில் பேருந்தேறி, புதுச்சேரியில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஐஇ-இன் ஆய்வகத் தேர்வுக்குத் தயாராகி வந்தேன். நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரித்து ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் பகுதியில், வெளி ரூட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டப், என்எஸ்எஸ்ஏ ஏரியாக்கள் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. என்னை அலைக்கழித்தது, முதுகெலும்பு ஏரியாவைத் தொடாத ஏரியாவை இன்னொரு ஏரியா வழியாக அதனோடு இணைக்கும் விர்ச்சுவல் லிங்க்தான்.

மையத்தின் மாதிரித் தேர்வில், ஏரியா 2 முதுகெலும்பான ஏரியா 0-ஐத் தொடாமல் ஏரியா 1-க்கு அப்பால் இருந்தது. ஆகவே ஏரியா 0-இன் ஓரத்திலுள்ள ஆர்2, ஏரியா 2-இன் ஓரத்திலுள்ள ஆர்3 ரூட்டர்களுக்கு இடையே ஏரியா 1 வழியாக விர்ச்சுவல் லிங்க் அமைத்து, பின்னர் ஏரியா 0 முழுவதற்கும் எம்டி5 ஆத்தென்டிகேஷன் (பொதுவான சாவியால் ரூட்டர்கள் ஒன்றையொன்று சரிபார்ப்பது) கொடுக்க வேண்டும். மையம் அச்சிட்டுத் தந்த கையேட்டில், படத்தில் ஏரியா 0-க்குள் வரைந்திருந்த ரூட்டர்களுக்கு மட்டுமே அந்தக் கட்டளை இருந்தது, ஆர்3-க்கு இல்லை. அதன்படியே செய்தேன். திரையில் 'அட்ஜசன்சி ஸ்டேட் ஃபுல்' (அண்டை உறவு முழுமை) என்றும், பக்கத்திலேயே 'ஹலோ சப்ரெஸ்டு' (ஹலோ நிறுத்தப்பட்டது) என்றும் வந்தது, பிங் சோதனையும் தேறியது. மதிப்பிடுவதற்கு முன் எல்லா ரூட்டர்களையும் ரீலோடு (மறுதொடக்கம்) செய்தார்கள். ஏரியா 2-இன் ரூட் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தக் கேள்விக்கான மதிப்பெண் முழுவதும் போயிற்று.

ஒருங்கிணைப்பாளர், "நீங்க சேவ் பண்ணாம விட்டிருப்பீங்க சார்" என்றார். சேமித்த கான்ஃபிகை திறந்து காட்டியும் அவர் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பயிற்றுநரைப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் போனால் பயிற்றுநர் விடுப்பு. அதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை என்பது இன்னும் ஆறவில்லை.

காரணம் அந்த 'ஹலோ சப்ரெஸ்டு' என்ற சொற்களில்தான் இருந்தது. சிஸ்கோ ரூட்டரில் விர்ச்சுவல் லிங்க், தேவைப்படும்போது மட்டும் செய்தி அனுப்பும் டிமாண்ட் சர்க்யூட்டாக இயங்குவதால், ஒருமுறை ஃபுல் நிலையை அடைந்தபின், அண்டை ரூட்டர் இருக்கிறதா என்று அறியும் ஹலோ செய்தி போவதில்லை. ஆகவே பின்னால் கொடுக்கும் ஆத்தென்டிகேஷன் இரு முனைகளிலும் பொருந்தாவிட்டாலும் அது உடனே வெளியில் தெரியாது. விர்ச்சுவல் லிங்க் ஏரியா 1 வழியாகப் போனாலும் ஏரியா 0-ஐச் சேர்ந்தது என்பதால், ஆர்3-க்கும் அதே ஆத்தென்டிகேஷன் வேண்டும். பயிற்றுநர் கிடைத்த அன்று அவர் கண்முன்னே, ஓஎஸ்பிஎஃப்-ஐப் புதிதாகத் தொடங்கவைக்கும் 'கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்' கட்டளையைக் கொடுத்து அண்டை உறவு அறுவதையும், விடுபட்ட வரிகளைச் சேர்த்ததும் அது திரும்புவதையும் காட்டினேன். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தார்.

தயாராகிறவர்கள் ஏரியா வேலை முடிந்ததும் அந்த கிளியர் கட்டளையைக் கொடுத்துப் பார்த்துவிட்டே அடுத்த கேள்விக்குப் போங்கள். ஓஎஸ்பிஎஃப்-இல் ஒவ்வொரு ரூட்டரையும் அடையாளம் காட்டும் ரூட்டர் ஐடியைக் கையால் கொடுங்கள். விர்ச்சுவல் லிங்க் எதிர்முனையின் ரூட்டர் ஐடியைக் குறிப்பதால், பிறகு சேர்க்கும் பெரிய லூப்பேக் (ரூட்டருக்குள்ளேயே உள்ள கற்பனை இடைமுகம்) முகவரி ரீலோடில் ஐடியாக மாறினால் லிங்க் அறுந்துவிடும். இடையிலுள்ள ஏரியாவை ஸ்டப் ஆக்கக் கூடாது.

பெங்களூரில் 8 மணி நேரத் தேர்வைத் தேறிவிட்டேன். அதன் கேள்விகளை வெளியிட ஒப்பந்தம் அனுமதிக்காது. மையம் இப்போது கையேட்டில் திருத்தம் ஒட்டித் தருகிறது. பழைய பிரதி வைத்திருப்பவர்கள், ஆர்3-இல் ஏரியா 0 ஆத்தென்டிகேஷன் கட்டளையையும், இரு முனைகளின் விர்ச்சுவல் லிங்க் வரியில் ஒரே எம்டி5 சாவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.